லாப வளர்ச்சி என்னும் மயக்கம்: டாடா ஸ்டீல் கணக்குகள் சொல்வதும் சொல்லாததும்

2025 ஜூலை முதல் செப்டம்பர் வரையான காலாண்டில் டாடா ஸ்டீல் நிறுவனம் ஒருங்கிணைந்த கணக்கில் 3,183 கோடி ரூபாய் நிகர லாபம் காட்டியது. முந்தைய ஆண்டின் இதே காலாண்டில் லாபம் 759 கோடி. ஓராண்டில் நான்கு மடங்குக்கு மேல் உயர்வு என்று சொன்னால் கணக்கில் பிழை இல்லை. ஆனால் இன்னும் மூன்று ஆண்டுகள் பின்னால் போய் 2021இன் இதே காலாண்டைப் பார்த்தால், லாபம் 12,500 கோடியைத் தாண்டியிருந்தது. அதனோடு ஒப்பிட்டால் 2025இன் லாபம் நான்கில் ஒரு பங்குதான். எந்த ஆண்டைப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே தொகை பெரும் வளர்ச்சியாகவும் தெரிகிறது, பெரும் சரிவாகவும் தெரிகிறது. எஃகுத் தொழிலில் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும் லாப வளர்ச்சி சதவீதம் நிறுவனத்தின் திறனைவிட உலக விலைச் சுழற்சியையே அதிகம் அளக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த நிறுவனத்தின் நிதி எதிர்காலத்தை அறிய விரும்புபவர் ஒரு முழுச் சுழற்சியின் சராசரி லாபத்தையும், ஒரு டன்னில் மிஞ்சும் பணத்தையும், கடன் சுமையையும், மூலப்பொருளின் மேல் நிறுவனத்துக்குள்ள உரிமையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் ஐந்து ஆண்டுகளின் கணக்கை வரிசையாக வைத்துப் பார்ப்போம். டாடா ஸ்டீலின் ஒருங்கிணைந்த நிகர லாபம் 2020-21இல் 8,190 கோடி, 2021-22இல் 41,749 கோடி, 2022-23இல் 8,075 கோடி. 2023-24இல் 4,910 கோடி நஷ்டம். 2024-25இல் மீண்டும் 3,174 கோடி லாபம். இவற்றைக் கூட்டினால் ஐந்தாண்டு மொத்தம் 56,278 கோடி. ஆண்டுச் சராசரி 11,250 கோடிக்குச் சற்று மேல். மொத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு 2021-22 என்ற ஒரே ஆண்டில் வந்திருக்கிறது. அந்த ஓராண்டைக் கொண்டு நிறுவனத்தை மதிப்பிட்டவர் அதன் வலிமையை நான்கு மடங்காக எண்ணியிருப்பார். அடுத்த மூன்று ஆண்டுகளில் ஏதாவது ஒன்றைக் கொண்டு மதிப்பிட்டவர் அதைக் குறைத்து எண்ணியிருப்பார். இன்னும் வியப்பான செய்தி விற்பனை வருவாயில் இருக்கிறது. 2021-22இல் வருவாய் 2,43,959 கோடி. 2022-23இல் 2,43,353 கோடி. இரண்டுக்கும் வேறுபாடு கால் சதவீதம்கூட இல்லை. ஆனாலும் லாபம் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியது. உலைகளும் உருட்டாலைகளும் அவையேதான். மாறியது விற்ற விலைக்கும் வாங்கிய செலவுக்கும் இடையிலான இடைவெளி.

அந்த இடைவெளி ஏன் இவ்வளவு ஆடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள எஃகு ஆலையின் செலவு அமைப்பைப் பார்க்க வேண்டும். ஊதுலையை நினைத்த நேரத்தில் அணைத்து நினைத்த நேரத்தில் பற்றவைக்க முடியாது. சந்தையில் விலை விழுந்தாலும் அது தாதுவையும் கரியையும் உண்டுகொண்டேதான் இருக்கும். ஊழியர் சம்பளம், பராமரிப்பு, வட்டி, தேய்மானம் எதுவும் விலையோடு சேர்ந்து இறங்குவதில்லை. ஒரு டன் எஃகு 60,000 ரூபாய்க்கு விற்று, அதற்கு 50,000 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை பத்து சதவீதம் குறைந்து 54,000 ஆனால் மிச்சம் 10,000இலிருந்து 4,000 ஆகிறது. விலையில் பத்து சதவீதச் சரிவு, லாபத்தில் அறுபது சதவீதச் சரிவாக மாறுகிறது. ஏறும்போதும் இதே பெருக்கம்தான். டாடா ஸ்டீலின் எபிட்டாவை, அதாவது வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபத்தை, விற்ற டன்களால் வகுத்தால் இது தெளிவாகும். 2021-22இல் டன்னுக்கு ஏறக்குறைய 21,600 ரூபாய் மிஞ்சியது. 2022-23இல் அது 11,400 அளவுக்கும், 2023-24இல் 8,000 அளவுக்கும் இறங்கியது. 2024-25இல் 8,300 அளவுக்கு வந்தது. இந்த நான்கு ஆண்டுகளிலும் விற்ற அளவு ஏறக்குறைய 2.9 கோடி டன் முதல் 3.1 கோடி டன் வரைதான். கடைசி இரண்டு ஆண்டுகளில் எபிட்டா 23,402 கோடியிலிருந்து 25,802 கோடியாக, பத்து சதவீதம் அளவுக்கே உயர்ந்தது. ஆனால் அதிலிருந்து வட்டிக்கு 7,000 கோடிக்கு மேலும் தேய்மானத்துக்கு 10,000 கோடி அளவுக்கும் நிலையாகப் போவதால், அந்தச் சிறிய உயர்வோடு முந்தைய ஆண்டின் ஒருமுறைச் செலவுகள் குறைந்ததும் சேர்ந்து, பெரிய நஷ்டத்தை லாபமாகக் காட்டப் போதுமானதாக இருந்தது.

விலையையும் செலவையும் ஆட்டுவிக்கும் கைகள் பெரும்பாலும் நிறுவனத்தின் ஆலை இருக்கும் ஜாம்ஷெட்பூருக்கு வெளியே இருக்கின்றன. 2021இல் கொரோனா முடக்கத்திலிருந்து உலகம் மீண்டபோது எஃகுத் தேவை ஒரேயடியாக எழுந்தது. அதே ஆண்டில் சீனா எஃகு ஏற்றுமதிக்குத் தந்துவந்த வரித் திருப்பத்தை நீக்கியது, உற்பத்தியையும் கட்டுப்படுத்தியது. அந்த அரிய சேர்க்கைதான் 41,749 கோடியின் பின்னணி. அடுத்து உக்ரைன் போர் தொடங்கியதும் ஊதுலைக்கு வேண்டிய கோக்கிங் கரியின் விலை 2022 மார்ச்சில் டன்னுக்கு 600 டாலரைத் தாண்டியது. இந்தியா தனக்கு வேண்டிய கோக்கிங் கரியில் மிகப் பெரும்பகுதியை, முக்கியமாக ஆஸ்திரேலியாவிலிருந்து, இறக்குமதி செய்கிறது. டாடா ஸ்டீலுக்கு ஜாரியாவிலும் மேற்கு பொகாரோவிலும் சொந்தக் கரிச் சுரங்கங்கள் இருந்தாலும் அவை தேவையில் ஒரு பகுதியையே ஈடுசெய்கின்றன. அதே ஆண்டு மே 22 முதல் மத்திய அரசு பல எஃகுப் பொருள்களுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி விதித்து, நவம்பரில் திரும்பப் பெற்றது. பிறகு சீனாவின் வீட்டுமனைத் துறை முடங்கியதால் அங்கே மிஞ்சிய எஃகு உலகச் சந்தைக்குத் திரும்பியது. 2024இல் சீனாவின் எஃகு ஏற்றுமதி ஏறக்குறைய 11 கோடி டன். அந்த அளவை அது இதற்கு முன் தொட்ட ஆண்டு 2015. டாடா ஸ்டீல் 2015-16இலும் நஷ்டம் கண்டது, 2023-24இலும் கண்டது. ஒரு நிறுவனத்தின் மோசமான ஆண்டுகள் இன்னொரு நாட்டின் ஏற்றுமதி அலையோடு இப்படி ஒட்டி வரும்போது, லாபமோ நஷ்டமோ முழுக்க நிர்வாகத்தின் செயல் என்று சொல்ல முடியாது.

ஆனால் எல்லாவற்றையும் சுழற்சியின் தலையில் போட்டுவிடவும் கூடாது. சுழற்சியின் எந்தக் கட்டத்தில் எவ்வளவு பெரிய முடிவை எடுத்தோம் என்பது நிர்வாகத்தின் பொறுப்பு. 2007இல் டாடா ஸ்டீல் ஆங்கிலோ-டச்சு நிறுவனமான கோரஸை ஏறக்குறைய 12 பில்லியன் டாலருக்கு வாங்கியது. எஃகு விலையும் உலகக் கடன் சந்தையும் உச்சத்தை ஒட்டி இருந்த நேரம் அது. அடுத்த ஆண்டே உலக நிதி நெருக்கடி வந்தது. ஐரோப்பியத் தேவை பழைய உயரத்தை அடையவே இல்லை. சொந்தத் தாதுச் சுரங்கம் இல்லாத பிரிட்டன், நெதர்லாந்து ஆலைகள் மூலப்பொருளைச் சந்தை விலையில் வாங்கி, தேங்கிய சந்தையில் விற்க வேண்டியிருந்தது. அந்தச் சுமை இன்றும் தீரவில்லை. 2024-25இல் துணை நிறுவனங்களைச் சேர்க்காத டாடா ஸ்டீலின் தனிக் கணக்கு லாபம் ஏறக்குறைய 14,000 கோடி. ஒருங்கிணைந்த லாபம் 3,174 கோடி. இந்தப் பெரிய இடைவெளிக்கு முக்கியக் காரணம் பிரிட்டன் பிரிவு. வேல்ஸில் உள்ள போர்ட் டால்பட்டின் இரண்டு ஊதுலைகளும் 2024இல் மூடப்பட்டன. கடைசி உலை செப்டம்பர் 30 அன்று நின்றது. அங்கே 125 கோடி பவுண்டு செலவில், பிரிட்டிஷ் அரசின் 50 கோடி பவுண்டு உதவியோடு, பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலை அமைகிறது. ஒரு நகரத்தையே வளர்த்த உலைகள் நின்றதில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். உச்சத்தில் எடுத்த முடிவின் விலையை, அந்த முடிவில் பங்கே இல்லாதவர்களும் கொடுக்கிறார்கள் என்பதை நிதிக் கணக்கைப் படிப்பவர் மறக்கக் கூடாது.

சதவீதத்தை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் ஒருமுறை வரவுகளும் ஒருமுறைச் செலவுகளும். 2017-18இல் டாடா ஸ்டீல் காட்டிய ஒருங்கிணைந்த லாபத்தில் பெரும்பங்கு, பிரிட்டிஷ் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தை மாற்றி அமைத்ததால் வந்த கணக்கியல் வரவு. எஃகு விற்று வந்ததன்று. நேர்மாறாக 2023-24இன் நஷ்டத்தில் பெரும்பங்கு, பிரிட்டன் சொத்துகளின் மதிப்பைக் குறைத்ததும் மறுசீரமைப்புக்கு ஒதுக்கியதும் ஆகும். இரண்டும் விதிப்படி எழுதப்பட்ட நேர்மையான கணக்குகளே. ஆனால் ஒருமுறைச் செலவு மிகுந்த ஆண்டை அடித்தளமாக வைத்து அடுத்த ஆண்டின் வளர்ச்சியைச் சொல்லும்போது அந்தச் சதவீதத்துக்குப் பொருள் இல்லாமல் போகிறது. நஷ்டத்திலிருந்து லாபத்துக்கு வந்த ஆண்டுக்குச் சதவீதமே கணக்கிட முடியாது. பங்குதாரர் கையில் வரும் ஈவுத்தொகையில் இந்த ஏற்ற இறக்கம் குறைவாகத் தெரியும். பங்கு பத்தாகப் பிரிக்கப்பட்ட பிறகு, 2022-23, 2023-24, 2024-25 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் பங்குக்கு 3.60 ரூபாயே வழங்கப்பட்டது. நஷ்ட ஆண்டிலும் அது குறையவில்லை. நிலையான ஈவுத்தொகை முதலீட்டாளருக்கு ஆறுதல்தான். ஆனால் லாபம் இல்லாத ஆண்டில் அந்தப் பணம் கையிருப்பிலிருந்தோ கடனுக்குப் போக வேண்டிய பணத்திலிருந்தோதான் வர முடியும்.

கடன்தான் இந்தக் கணக்கில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. 2018இல் திவால் சட்டத்தின் கீழ் பூஷண் ஸ்டீலை ஏறக்குறைய 35,200 கோடிக்கு வாங்கிய பின், 2020 மார்ச்சில் டாடா ஸ்டீலின் நிகரக் கடன் ஒரு லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. பொற்காலமான அடுத்த இரண்டு ஆண்டுகளில் நிர்வாகம் அதைப் பாதியாகக் குறைத்து, 2022 மார்ச்சில் 51,049 கோடிக்குக் கொண்டுவந்தது. இது பாராட்டத் தக்க ஒழுங்கு. ஆனால் 2025 மார்ச்சில் நிகரக் கடன் மீண்டும் 82,579 கோடி. கடன் அறுபது சதவீதம் ஏறிய அதே காலத்தில் எபிட்டா அறுபது சதவீதம் இறங்கியது. எனவே 2022இல் ஓராண்டு எபிட்டாவைவிடக் குறைவாக இருந்த நிகரக் கடன், 2025இல் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆனது. ஒடிசாவின் கலிங்காநகர் ஆலையை 30 லட்சம் டன்னிலிருந்து 80 லட்சம் டன்னாக உயர்த்தியதும், 2022இல் நீலாச்சல் இஸ்பாத்தை ஏறக்குறைய 12,100 கோடிக்கு வாங்கியதும் இதில் அடக்கம். இவை வீண் செலவுகள் அல்ல. கலிங்காநகரின் புதிய ஊதுலை 2024 செப்டம்பரில் இயங்கத் தொடங்கியது. தாதுவுக்கு அருகில் இருக்கும் அந்த ஆலையின் டன்கள் ஐரோப்பிய டன்களைவிட லாபம் தருபவை. ஆயினும் ஆலை கட்டிய கடன் நிலையானது, ஆலை ஈட்டும் பணம் ஆடக்கூடியது. சுழற்சியின் அடியில் எவ்வளவு கடனோடு நிற்கிறோம் என்பதே எஃகு நிறுவனத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பூஷண் ஸ்டீல் கைமாறியதும் அதன் உலைகள் ஓடாததால் அல்ல, கடன் அடைபடாததால்தான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இந்தியா பழைய ஐரோப்பா அல்ல, வளரும் நாடு. தலைக்கு ஓராண்டு எஃகுப் பயன்பாடு இங்கே 100 கிலோவைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. உலகச் சராசரி 200 கிலோவுக்கு மேல். 2017 தேசிய எஃகுக் கொள்கை, 2030-31இல் 30 கோடி டன் உற்பத்தித் திறனையும் தலைக்கு 160 கிலோ பயன்பாட்டையும் இலக்காக வைத்திருக்கிறது. சாலை, ரயில்பாதை, பாலம், வீடு எதற்கும் கம்பி வேண்டும், தகடு வேண்டும். எனவே லாபமும் நீண்ட காலத்தில் வளர்ந்தே தீரும் என்பது அந்த வாதம். இதில் முதல் பாதி உண்மை. தேவை வளரும் என்பதில் ஐயம் இல்லை. முடிவுதான் ஒட்டவில்லை. 2023-24இலும் 2024-25இலும் இந்தியாவின் எஃகுப் பயன்பாடு ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடியது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளிலும்தான் விலை இறங்கியது, இந்தியா எஃகை ஏற்றுமதி செய்ததைவிட அதிகம் இறக்குமதி செய்யும் நாடானது, டாடா ஸ்டீலின் டன் லாபம் சுருங்கியே இருந்தது. தேவை எத்தனை டன் விற்கும் என்பதைச் சொல்லும். என்ன விலைக்கு விற்கும் என்பதை உலகில் மிஞ்சிக் கிடக்கும் எஃகின் அளவு சொல்லும். இந்திய நிறுவனங்கள் எல்லாமே ஒரே நேரத்தில் விரிவடைகின்றன. டாடா ஸ்டீல் 2030க்குள் இந்தியாவில் 4 கோடி டன் என்கிறது, ஜே.எஸ்.டபிள்யூ. அதையும் மிஞ்சும் இலக்கு வைத்திருக்கிறது. தேவையின் இயந்திரமே அரசின் மூலதனச் செலவுதான். 2024-25இல் மத்திய அரசு அதற்கு 11.11 லட்சம் கோடி ஒதுக்கியது. திருத்திய மதிப்பீட்டில் அது 10.18 லட்சம் கோடியாகக் குறைந்தது. அரசு பட்ஜெட்டில் ஓர் எண்ணைத் திருத்தினால் கட்டுமானக் கம்பியின் கணக்கும் திருந்துகிறது.

இரண்டாவது மறுப்பு, அரசின் பாதுகாப்பு இருக்கிறதே என்பது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு தகட்டு வகை எஃகு இறக்குமதிக்கு 12 சதவீத தற்காலிகப் பாதுகாப்பு வரி விதித்தது. அதன் பின் வந்த காலாண்டுகளில் லாபம் எழுந்ததற்கு அந்த வரியும், கரி விலை தணிந்ததும், நிறுவனம் செலவைக் குறைத்ததும் சேர்ந்தே காரணம். ஆனால் இதுவும் புதிய கதை அல்ல. 2015 செப்டம்பரில் 20 சதவீதப் பாதுகாப்பு வரியும், 2016 பிப்ரவரியில் குறைந்தபட்ச இறக்குமதி விலையும் இதே காரணத்துக்காக வந்தன. பாதுகாப்பு வரி மூச்சுவிட நேரம் தரும். அது நிரந்தர லாபம் ஆகாது. அதற்கு விலை கொடுப்பவர்களும் உண்டு. கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் எஃகை வாங்கிப் பம்புகளும் வாகன உதிரிபாகங்களும் செய்யும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு ஆலையின் லாபம் என்பது தங்கள் செலவு. ஒரு துறையின் லாபத்தை அரசாணையால் நெடுநாள் தாங்குவது, வேலைவாய்ப்பு மிகுந்த இன்னொரு துறையிடமிருந்து எடுப்பதாக முடியும். ஆகவே வரியால் வந்த லாப உயர்வை எதிர்கால லாபமாக நீட்டிக் கணக்கிடுவது பொறுப்பான மதிப்பீடு ஆகாது. ஐரோப்பாவின் பக்கம் நிலைமை எதிராகவும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரி முதல் முழு நடைமுறைக்கு வந்திருப்பதால், கரியைக் கொண்டு ஊதுலையில் வார்த்த இந்திய எஃகுக்கு அந்தச் சந்தை செலவு கூடியதாகிறது.

மூன்றாவது மறுப்பே மிகவும் கனமானது. டாடா ஸ்டீலின் உண்மையான வலிமை அதன் சொந்த இரும்புத் தாது. நோவாமுண்டி, ஜோடா போன்ற சுரங்கங்கள் அதன் இந்திய ஆலைகளுக்கு வேண்டிய தாதுவைத் தருவதால், மற்றவர்கள் நஷ்டப்படும் விலையிலும் அது லாபம் காண முடியும் என்பார்கள். இதுவரை இது உண்மை. மோசமான ஆண்டுகளிலும் இந்தியப் பிரிவு தாங்கி நின்றதற்கு இதுவே முதற்காரணம். ஆனால் இந்த உரிமைக்கு ஒரு தேதி இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டத்தின்படி சொந்த ஆலைப் பயன்பாட்டுக்கான பழைய குத்தகைகள் 2030 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டன. அதன் பின் அவை ஏலத்துக்கு வரும். ஏலத்தில் தாது எந்த விலைக்குப் போகும் என்பதை 2020இல் ஒடிசா காட்டியது. இந்தியச் சுரங்கப் பணியகம் அறிவிக்கும் சராசரி விற்பனை விலையில் நூறு சதவீதத்தை ஒட்டியும் அதைத் தாண்டியும் அரசுக்குத் தருவதாக நிறுவனங்கள் ஏலம் கேட்டன. டாடா ஸ்டீல் காந்தல்பாடா சுரங்கத்தை ஏலத்தில் எடுத்துத் தயாராகி வருகிறது. ஆனால் ஏலத்தில் எடுத்த தாது பழைய குத்தகைத் தாதுவின் செலவில் கிடைக்காது. இதோடு 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிமங்களுக்கு வரி விதிக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதம், 2005 ஏப்ரல் முதலான நிலுவையையும் வசூலிக்கலாம் என்றது. கனிம வளத்தின் பயன் அது கிடைக்கும் மாநில மக்களுக்குச் சேர வேண்டும் என்பது நியாயமே. அந்த நியாயத்தின் செலவு எஃகு ஆலையின் கணக்கில் வந்து விழும் என்பதும் உண்மையே. ஆக, 2030க்குப் பிந்தைய லாபத்தை இன்றைய தாதுச் செலவில் கணக்கிடும் எந்த மதிப்பீடும் அடித்தளம் இல்லாதது.

அப்படியானால் டாடா ஸ்டீலின் நிதி எதிர்காலம் இருண்டதா? இல்லை. பிரிட்டனில் ஊதுலைகள் நின்றதால் நஷ்டம் தரும் டன்கள் குறைந்திருக்கின்றன. மின்வில் உலை திட்டமிட்டபடி இயங்கத் தொடங்கினால் அந்தக் காயம் ஆறலாம். கலிங்காநகரின் கூடுதல் டன்கள் கணக்கில் முழுமையாக வரவிருக்கின்றன. ஐந்தாண்டுச் சராசரியான 11,250 கோடி என்பது ஒரு நியாயமான அளவுகோல். 2025 ஜூலை-செப்டம்பர் காலாண்டில் தெரிந்த, 3,000 கோடிக்கு மேலான வேகம் அந்தச் சராசரிக்குத் திரும்புவதே தவிரப் புதிய உயரம் அல்ல. அடுத்து வரும் நல்ல ஆண்டில் லாபம் இன்னொரு முறை இரட்டிப்பானாலும் அந்தப் பணம் எங்கே போகிறது என்பதே கேள்வி. கடனைக் குறைக்கப் போனால் 2030இன் தாதுச் செலவைத் தாங்கும் தெம்பு நிறுவனத்துக்கு இருக்கும். உச்சத்தில் இன்னொரு பெரிய கையகப்படுத்தலுக்குப் போனால் 2007 திரும்பும்.

எனவே சேமிப்பின் ஒரு பகுதியை நேரடியாகவோ பரஸ்பர நிதி வழியாகவோ எஃகுப் பங்குகளில் போடும் வாசகருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். காலாண்டு முடிவு வெளியாகும்போது வளர்ச்சி சதவீதத்தைக் கடைசியாகப் படியுங்கள். அதற்கு முன் ஒரு டன்னுக்கு எவ்வளவு மிஞ்சியது, நிகரக் கடன் எபிட்டாவைப் போல எத்தனை மடங்கு, லாபத்தில் ஒருமுறை வரவு எவ்வளவு, தாதுவின் உரிமை எந்த ஆண்டு வரை என்ற நான்கையும் பாருங்கள். இந்த நான்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலேயே இருக்கின்றன. நல்ல ஆண்டில் கடனைக் குறைத்துக்கொண்ட எஃகு நிறுவனம் கெட்ட ஆண்டைத் தாங்கும். குறைத்துக்கொள்ளாத நிறுவனத்தின் லாப வளர்ச்சி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை நம்பி எதிர்காலத்தைக் கட்டக் கூடாது.